செம்பரம்பாக்கம் ஏரியை நெய்தேன், 2016இன் நீலம் 2018இல் இறங்கிவிட்டது: உதவி வேண்டும்

ஊடைநூல் (சனி, காலை 7.10)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குன்றத்தூர். தாத்தா காலத்தில் வீட்டில் இரண்டு பட்டுத்தறி ஓடியது. இப்போது ஒன்றுதான் மிச்சம், அதுவும் குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற குழித்தறி. வேலை முடிந்து வந்து ராத்திரியில் பருத்தி போட்டுப் பழகுகிறேன். போன ஆறு மாதமாகச் செம்பரம்பாக்கம் ஏரியின் ஐந்து வருடத்தை ஒரே துணியாக நெய்துகொண்டிருந்தேன். 2015 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரை. வாரத்துக்கு எட்டு ஊடை, அதாவது குறுக்கு இழை. அந்த வாரம் ஏரியில் எவ்வளவு தண்ணீரோ அதற்கேற்ற நீலம். குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் ஏரி நிலவரம்தான் கணக்கு.

ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதை ஏறத்தாழ ஆறு பங்காக்கி ஆறு நிறம் வைத்தேன். நிறத்துக்காக எங்கும் அலையவில்லை. அவுரிச் செடிச் சாயத் தொட்டியில் நூலை எத்தனை தடவை முக்கி எடுக்கிறோமோ அத்தனைக்கு நீலம் ஏறும், அதையே அளவாக வைத்துக்கொண்டேன். 600க்குக் கீழே போன வாரத்துக்குச் சாயமே காணாத வெறும் நூல். அடுத்ததற்கு ஒரு முக்கு, அப்புறம் இரண்டு, நான்கு, ஆறு. நிறைந்த ஏரிக்குப் பத்து முக்கு. ஊடைக்கு 10ஆம் நம்பர் இரட்டை இழை. நிறம் மேலே தெரியட்டும் என்று பாவு நூலை, அதாவது நெடுக்கு இழையை, நெருக்காமல் விட்டேன். 260 வாரம், 2,080 ஊடை, அங்குலத்துக்கு நாற்பது என்று 52 அங்குலம் வந்தது.

தறியிலிருந்து அறுத்த அன்று இரவு ஒரு அலசு அலசி, பிழிந்து, இரண்டாக மடித்து வாளி மேல் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பிரித்தால், 2016 தொடக்கத்தில் இருந்த கருநீலம் எதிர்ப்பக்கத்தில் படிந்திருக்கிறது. மடிப்பில் அதற்கு நேராக இருந்தது 2018 ஐப்பசி, கார்த்திகை. மழை பொய்த்த மாதங்கள். வெறும் நூலாக இருக்க வேண்டிய இடத்தில் இப்போது ஏரியில் தண்ணீர் நிற்கிறது!

கறையை எடுக்க வழி உண்டா?

சும்மா_ஒருத்தன் (சனி, காலை 7.42)

அக்கா, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறையே இல்லை.

ஊடைநூல் (சனி, காலை 7.50)

சென்னைப் பஞ்சத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது 2019 ஜூலையில் தம்பி. கறை இருப்பது அதற்கு எட்டு மாதம் முன்னால். :)

தென்றல்கரை (சனி, காலை 8.15)

கல்லுப்பு போட்டு ஊற வையுங்கள். புதுச் சேலைக்கு எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம், சாயம் நிற்கும்.

அவுரித்தொட்டி (சனி, காலை 9.05)

உப்பு வேண்டவே வேண்டாம். அவுரிக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை. மற்ற இயற்கைச் சாயங்கள் பலவும் நூலைப் பற்றிக்கொள்ளப் படிகாரம், கடுக்காய் என்று ஏதாவது ஒன்று நடுவில் கைகொடுக்க வேண்டும். அவுரி அப்படிப்பட்டதல்ல. நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்து அதைக் கரையும்படி ஆக்குகின்றன. அப்போது தொட்டித் தண்ணீர் நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். மேலே மட்டும் செம்பு நிறத்தில் ஓர் ஏடும் நீல நுரையும். நூலை வெளியே எடுத்ததும் காற்று பட்டுப் பச்சை மெல்ல நீலமாகத் திரும்பும். அந்த நொடியில் நீலம் மறுபடி கரையாத பொருளாகி இழைக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது.

உள்ளே போய் உட்கார்ந்தது எங்கும் போகாது. இழையின் மேல் பொடியாக ஒட்டிக்கொண்டதுதான் இறங்கும். பத்து முக்கு போட்ட நூலில் அந்தப் பொடி நிறைய இருக்கும். நெய்வதற்கு முன்பே அந்த நூல் சிட்டங்களைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளிகிற வரை அலசியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: கை பொறுக்கும் சூட்டில் நிறையத் தண்ணீர், பூந்திக்கொட்டைச் சாறு இல்லாவிட்டால் காரமில்லாத சோப்பு. பெரிய தொட்டியில் துணியை விரித்தபடி மிதக்க விடுங்கள். மடிக்கவும் வேண்டாம், கசக்கவும் வேண்டாம். தண்ணீர் நீலமானால் உடனே மாற்றுங்கள். ஏழெட்டு முறை ஆகும். படிந்திருப்பதும் அதே பொடிதான் என்பதால் முக்கால்வாசி போய்விடும். வெளுக்கும் பவுடர் எதுவும் கிட்டே வரக்கூடாது, நீலத்தையே தின்றுவிடும்.

நீலம் எங்கே வாங்கினீர்கள்? தொட்டி எதில் புளிக்க வைத்தீர்கள்?

ஊடைநூல் (சனி, காலை 9.30)

நன்றி அண்ணா. அலசாமல்தான் நெய்தேன். ஆறு சிட்டமும் காய்ந்தவுடன் அவசரம்.

நீலக்கட்டி திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிடும் ஒருவரிடம் வாங்கியது. தகரை விதையை வேகவைத்து, அந்தக் கொழகொழச் சாறு, சுண்ணாம்பு, கொஞ்சம் பனைவெல்லம். முதல் தொட்டி செத்துவிட்டது. சுண்ணாம்பு அதிகம் விழுந்து புளிப்பே ஏறவில்லை. இரண்டாவது தொட்டி ஒன்பதாம் நாள் கண் திறந்தது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

ஓவியத்துளி (சனி, காலை 11.20)

கறையை ஏன் எடுக்க வேண்டும்? துணி தன் போக்கில் ஒன்றைச் செய்திருக்கிறது. நிறைந்த வருடம் வறண்ட வருடத்துக்குள் கசிவது கவிதை மாதிரி இருக்கிறது. நான் பார்த்த நெசவு ஓவியங்களில் தற்செயலாக வந்தவைதான் மனதில் நின்றவை. அப்படியே சட்டம் போட்டு மாட்டுங்கள்.

ஊடைநூல் (சனி, பகல் 12.05)

அழகாக இருக்கிறது என்பது உண்மைதான். நானும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனால் அந்தக் கார்த்திகையில் எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. அந்த இடத்தில் நீலத்தை மாட்டி வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று என்னால் காப்பி குடிக்க முடியாது.

சும்மா_ஒருத்தன் (சனி, பகல் 12.40)

கேலி செய்யவில்லை அக்கா, உண்மையாகவே கேட்கிறேன். இந்த மாதிரி வெளிநாட்டில் நிறையச் செய்கிறார்கள். வெப்பநிலையைச் சிவப்பு நீலக் கோடாகப் போடுவது, அதைப் பார்த்துக் கம்பளி பின்னுவது. இதனால் ஏரிக்கு என்ன லாபம்? ஒரு வண்டல் கூடை கூட வெளியே போகாதே.

மழைக்குறிப்பு (சனி, பகல் 1.15)

அந்தக் கோடுகளை எட் ஹாக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் காலநிலை விஞ்ஞானி 2018இல் வெளியிட்டார். அவருக்கும் முன்னோடி ஒரு பின்னல் போர்வைதான் என்பார்கள். துணியிலிருந்து படத்துக்குப் போய், படத்திலிருந்து மறுபடி துணிக்கு வந்திருக்கிறது.

லாபக் கணக்குக்கு ஒரு உதாரணம். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். 2005இல் குரோஷா ஊசியால் பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். பிற்பாடு ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து பின்னினார்கள். பவளம் பிழைத்ததா என்றால் இல்லை. 2016இல் கிரேட் பேரியர் ரீஃபும் வெளுத்தது, நம் மன்னார் வளைகுடாவிலும் வெளுத்தது. ஆனால் அந்தப் பவளத்தை மணிக்கணக்கில் கையால் பின்னியவள் அதன் பெயரை மறக்கமாட்டாள். நான் பதினைந்து வருடமாக மழை அளவைக் குறித்து வைக்கிறேன். அதனால் ஒரு துளி கூடுதலாகப் பெய்ததில்லை. நிறுத்தவும் இல்லை.

ஆனால் ஊடைநூல், எனக்கு வேறொரு சந்தேகம். துணியில் வெள்ளம் எங்கே இருக்கிறது? 2015 டிசம்பர் 1 அன்று நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். உங்கள் துணியில் அந்த வாரமும் பத்து முக்கு, அதற்குப் பிந்தைய வாரங்களும் பத்து முக்குதானே? ஏரி நிறைந்திருந்தது என்று மட்டும் துணி சொல்கிறது. ஊரை மூழ்கடித்தது ஏரியில் நின்ற தண்ணீர் இல்லை, வெளியே போன தண்ணீர்.

ஊடைநூல் (சனி, பகல் 2.30)

இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் துணியைப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. இரண்டு அங்குலம் நெடுக ஒரே நீலம், ஒரு அசைவும் இல்லை.

இத்தனைக்கும் நான் இந்தத் துணியைத் தொடங்கியதே அந்த ராத்திரியால்தான். விடிந்து பார்த்தபோது தறிக்குழி வாய் வரை தண்ணீர். மிதிகட்டை இரண்டும் கயிற்றோடு மிதந்துகொண்டிருந்தன. பாவில் அப்பாவின் கடைசிச் சேலை, முக்கால் பாகம் நெய்தது. மழைக்காலத்தில் குழியில் ஊற்று எடுப்பது எங்களுக்குப் புதிதல்ல, நாலு நாள் தறி நிற்கும், சாக்கு போட்டு ஒற்றி எடுப்போம். அன்றைக்கு வந்தது சேறு. அதற்கப்புறம் அப்பா தறியில் உட்காரவில்லை. 2019இல் அதே குழியில் லாரித் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி வைத்திருந்தோம், வெயில் படாமல் குளிர்ச்சியாக இருக்கும் என்று.

இரண்டும் ஒரே ஏரிதான். ஆனால் துணியில் ஒன்றுதான் வந்திருக்கிறது.

நொய்யல்காரன் (சனி, மாலை 5.50)

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். ஊர் திருப்பூர், அப்பா சாயப்பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அதனால் முதலில் கேட்கத் தோன்றுவது இதுதான்: சாயத் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்?

குறை சொல்ல வரவில்லை. இயற்கைச் சாயம் என்றதும் எல்லோரும் மூச்சை இழுத்து விடுகிறார்கள், அதனால் கேட்கிறேன். எங்கள் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். சில வருடத்திலேயே கீழே இருந்த விவசாயிகள், இந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. உலகத்தில் அணை கட்டித் தரச்சொல்லிப் போராடுவார்கள், எங்கள் ஊரில் திறக்காதே என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அப்பாவுக்கு வேலை போனது. ஆறு செத்ததும் எங்கள் வீட்டில்தான், சோறு நின்றதும் எங்கள் வீட்டில்தான். இப்போது கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது உத்தரவு. ஆவியாக்கி எடுத்த உப்புக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அது வேறு கதை.

ஒரு சுவர்த் துணிக்கு அவுரி சரி. தெருவில் போகிற எல்லார் சட்டைக்கும் அவுரி போட நிலம் எங்கே? நெல் வயலையா கேட்பீர்கள்?

அவுரித்தொட்டி (சனி, இரவு 7.20)

நியாயமான கேள்வி. எல்லார் சட்டைக்கும் முடியாது, முடியும் என்பவர் எதையோ விற்க வந்திருக்கிறார். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனி 1897இல் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, அவுரி வயல்கள் கொஞ்ச காலத்திலேயே காலியாகிவிட்டன. அந்த வயல்களில் விவசாயி பட்ட அடி உதையும் நமக்குத் தெரியும், அதனால் அது பொற்காலமும் இல்லை.

ஊற்றுவது பற்றி: நல்ல தொட்டியை யாரும் கொட்டமாட்டார்கள். தீனி போட்டு மாதக்கணக்கில் உயிரோடு வைத்திருப்போம். அலசுகிற தண்ணீர்தான் வெளியே போகும். அதிலும் சுண்ணாம்பு உண்டு, செடிக்கு அப்படியே ஊற்றக்கூடாது.

ஊடைநூல் (சனி, இரவு 7.35)

தென்னை அடியில் ஊற்றினேன். ஒரு மட்டை பழுத்திருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோரைக்காடு (சனி, இரவு 9.00)

நான் பத்தமடை. எங்களுக்கு நூலே ஆற்றங்கரையிலிருந்துதான் வருகிறது, அதனால் ஆற்றைப் பற்றித் தனியாக நெய்ய வேண்டிய அவசியம் வந்ததில்லை. கோரையைக் காயவைத்து, கீறி, தாமிரபரணித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுவோம். நன்றாக ஊறி ஊதினால்தான் இழை மெல்லிசாகக் கிடைக்கும். அந்த இழையைப் பருத்திப் பாவில் ஊடையாகக் கோத்தால் பட்டுப் பாய், சுருட்டினால் துணி மாதிரி மடங்கும். அங்கே ஓடும் தண்ணீர் எப்படியோ, அப்படித்தான் பாயும். ஆறு கலங்கி வந்த வருடம் பாய் பழுப்படிக்கும். உம்மா கையால் தடவிப் பார்த்தே இது எந்தப் பருவத்துக் கோரை என்பார்.

அக்கா, உங்கள் துணி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பருத்தி எந்த ஊர்த் தண்ணீரில் விளைந்தது என்று யோசித்தீர்களா? ஏரியை நெய்ததாகச் சொல்கிறீர்கள். ஏரி நிறத்தில்தான் இருக்கிறது. நூலில் இல்லை.

ஓவியத்துளி (சனி, இரவு 9.25)

அப்படிப் பார்த்தால் மயில் புட்டா போட்ட சேலைக்கு மயில் இறகா வேண்டும்?

கோரைக்காடு (சனி, இரவு 9.31)

வேண்டாம். ஆனால் மயிலைப் பார்த்தவன் போட்ட புட்டாவும் டிசைன் அட்டையைப் பார்த்துப் போட்ட புட்டாவும் ஒன்றில்லை என்று உங்களுக்கே தெரியும்.

காஞ்சி_பெரியவர் (ஞாயிறு, காலை 5.40)

பேரன் படித்துக் காட்டினான், அவனை விட்டே அடிக்கச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வருடம் பட்டுத்தறி. இப்போது கண் விட்டுவிட்டது.

மயில் பேச்சு வந்ததால் ஒன்று. தாழம்பூ ரேக்கு போட்ட சேலை எத்தனை நூறு நெய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பல்லுப் பல்லாகக் கரையில் ஏறி நிற்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வாய்க்கால் ஓரம் தாழம்புதர் உண்டு. பாம்பு இருக்கும் என்று அம்மா விடமாட்டாள், ஆனாலும் மடல் பறித்து வந்து தங்கைக்குச் சடையில் வைத்துத் தைப்பார்கள். அந்த மடலின் ஓரத்து முள்தான் ரேக்கின் பல். வாய்க்கால் போய் இப்போது சிமெண்டு ரோடு. பேரனுக்கு ரேக்கு தெரியும், பூ தெரியாது. அவன் அதைக் கோயில் கோபுரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சரி. அம்மா குன்றத்தூர், உன் துணியின் படத்தைப் பேரன் பெரிதாக்கிக் காட்டினான். ஏரி நெய்திருக்கிறாய், கரை எங்கே?

கிண்டல் இல்லை. இரண்டு ஓரமும் பார், உள்ளே இழுத்துக்கொண்டு வளைந்திருக்கிறது. முக்கு அதிகமான நூல் கொஞ்சம் விறைப்பு, வெறும் நூல் இளக்கம். ஒன்று இழுக்கும், ஒன்று விடும். ஓரத்தில் நெருக்கமாக நாலு விரல் பாவு விட்டுக் கரை கட்டியிருந்தால் துணி நின்றிருக்கும். அந்தப் பிள்ளை கேட்டானே, வெளியே போன தண்ணீர் எங்கே என்று. அதையும் கரையில் போடு. உடலில் ஏரி இருக்கட்டும். மதகு திறந்த வாரத்துக்குக் கரையில் வேறு நிறம்.

மழைக்குறிப்பு (ஞாயிறு, காலை 6.30)

ஐயா, இரண்டு தடவை படித்தேன். கரையில் போடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊடைநூல் (ஞாயிறு, காலை 8.10)

தாத்தா, வணக்கம். காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கரை தனி நிறம், உடல் தனி நிறம் என்றால் அது கோர்வை. எனக்கு வராது. அப்பா நெய்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, ஆறு வாரம் என்று வைத்தால் 48 ஊடை. ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். 52 அங்குலத் துணியில் கரையில் அவ்வளவுதான் சிவப்பு. மீதி முழுக்க வெறும் நூல்.

சிவப்புக்கு என்ன போடலாம்?

கோரைக்காடு (ஞாயிறு, காலை 8.45)

பாய்க்கு எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் பதிமுகக் கட்டையைக் காய்ச்சுவார்கள். நிறம் அள்ளும். ஆனால் வெயில் பட்டால் நிற்காது. வெள்ளம் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும்.

சும்மா_ஒருத்தன் (ஞாயிறு, காலை 8.52)

ஊருக்கே அப்படித்தான் வெளுத்துவிட்டது.

அவுரித்தொட்டி (ஞாயிறு, காலை 9.15)

சாயவேர் போடுங்கள். கடலோர மணலில் வளரும் சின்னச் செடி, இம்பூறல் என்றும் சொல்வார்கள். கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, அப்புறம் வேர்ச்சாற்றில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். 48 ஊடைக்கு ஒரு கைப்பிடி வேர் போதும். வேரைத் தோண்டினால் செடி போய்விடும் என்பதால் அதற்கு மேல் வாங்கவும் வேண்டாம். இந்த முறை அலசிவிட்டு நெய்யுங்கள்!

ஊடைநூல் (புதன், இரவு 10.20)

நிலவரம்: ஒன்பது தண்ணீர் மாற்றினேன். ஏழாவதில் தெளிந்தது. 2018 ஐப்பசி வெளுத்துவிட்டது. கார்த்திகையில் மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு விரல் அகலத்துக்கு லேசான நீலம் தெரிகிறது. அதை விட்டுவிட்டேன். அலசிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றவில்லை.

நொய்யல்காரன் அண்ணா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கோரைக்காடு கேட்டதற்குப் பாதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தேன். அடுத்த பாவுக்கு அரிசிக் கஞ்சியை அதில்தான் காய்ச்சப் போகிறேன். துவைத்தால் போய்விடும், தெரியும்.

தாத்தா, இரண்டாவது துணி போடுகிறேன், கரையோடு. ஆனால் கோர்வைக்கு மறுபக்கத்து நாடாவை, ஊடை நூலை ஓட்டுகிற கட்டையை, வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் தெருவில் தறி தெரிந்த கை இப்போது யாரும் இல்லை. அப்பா குழிக்குப் பக்கத்திலேயே வருவதில்லை.

காஞ்சி_பெரியவர் (வியாழன், காலை 5.30)

கண்தான் போயிற்று, கை இருக்கிறது. கரை நாடா பிடிக்கக் கண் வேண்டாம், சத்தம் கேட்டால் போதும். நான் பையனாக இருந்தபோது அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் தொழில் கற்றேன், அதே இடத்தில் மறுபடி உட்கார்வதில் எனக்கென்ன.

வைகாசி பிறக்கட்டும், வெயில் காய்ந்து குழி நன்றாக உலர்ந்திருக்கும். பேரன் பைக்கில் கொண்டுவந்து விடுவான். அப்பாவிடம், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கிழவன் வருகிறான், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் சொல். தறி என்று சொல்லாதே.

கரைக்கு நூலைத் தார்க்குச்சியில் தனியாகச் சுற்றி வை. சிவப்பு இரண்டு தார் போதும்.